டப்பாவில் வந்த முடி

கொழும்பு, புறக்கோட்டை
ஈசுவர வருடம் கார்த்திகை 20 (5-12-1937)

சொர்ணத்துக்கு ஆண்டியப்பன் எழுதுகிறேன்.

நான் சுகம். ஆத்தாவும் நீயும் செவந்தியும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே மழை விட்டபாடில்லை.

ஒரு சங்கதி. நான் இந்த ஜவுளிக் கடைக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. இதுவரை பின்கட்டில் மூட்டை பிரிக்கிற வேலைதான். போன திங்கட்கிழமை முதலாளி என்னைக் கூப்பிட்டார். "ஆண்டியப்பா, ஒன் பேச்சு நல்லாருக்கு. முன்கடைக்கு வாரியா?" என்றார். நான் சரி என்றேன். உடனே என் தலையைப் பார்த்தார். "ஆனா இதோட ஆகாதுப்பா" என்று குடுமியைக் காட்டினார். முன்கடை துரைசானிகள் வந்து போகிற இடம். அங்கே நிற்கும் ஆறு பேரும் கிராப்புத் தலை. கடையில் எனக்குப் பெயரே 'பூசாரி'. "பூசாரி, அந்த மல் பீஸை எடு", "பூசாரி, கற்பூரம் கொளுத்தலியா?" என்று சின்னப் பயல்கள் எல்லாம் கேலி செய்கிறார்கள்.

உன்னிடம் சொல்ல என்ன வெட்கம். இந்த ஊர்ப் புழுக்கத்துக்கு முடி காய்வதே இல்லை. ஐந்து பேர் படுக்கிற அறையில் என் தலையணையை மட்டும் காலால் ஓரம் தள்ளி விடுகிறார்கள். அதன் ஊசல் வாடை எனக்கே குமட்டுகிறது. முந்தாநாள் முதலாளியிடம் பேசிக்கொண்டிருக்கும்போது பேன் ஒன்று என் சட்டைக் காலரில் இறங்கி ஊர்ந்தது. அவர் பார்த்துவிட்டார். பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆகையால் கிராப்பு வெட்டிக்கொள்ளலாமா என்று யோசனை. முடிதானே, வளரும். உன்னைக் கேட்காமல் செய்யக் கூடாது என்று எழுதுகிறேன். ஆத்தாவிடம் இப்போதைக்கு மூச்சு விடாதே. உன் பதில் பார்த்து மற்றது.

ஆண்டியப்பன்


மாரியம்மன் துணை
திருவரங்குளம்
கார்த்திகை 27 (12-12-1937)

செவந்தி அப்பாவுக்குச் சொர்ணம் எழுதிக்கொண்டது.

உங்கள் கடிதம் நேற்று வந்தது. 'முடிதானே, வளரும்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை மூன்று தடவை படித்தேன். அதற்கு மேலும் கீழும் எங்கேயாவது அம்மன் பெயர் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. காகிதத்தின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன்.

உங்களுக்கு மறந்திருக்காது. ஆனாலும் எழுதுகிறேன். போன மாசியில் செவந்திக்கு அம்மை போட்டிருந்தது. ஒன்பது நாள் கண் திறக்கவில்லை. இமை இரண்டும் சீழ் பிடித்து ஒட்டிக்கொண்டு, தண்ணீர் தொட்டுத் துடைத்தால் தோலும் கூட வந்தது. வாயில் வைத்த இளநீர் அப்படியே வழிந்தது. பத்தாம் நாள் காலையில் நீங்கள் வேப்பிலைக்கு முன்னால் போய் நின்று, குடுமியை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள். நான் படிக்கட்டில் நின்று கேட்டேன். "ஆத்தா மாரி, எம்புள்ள கண்ணத் தொறந்துட்டா என் தலமுடி ஒனக்கு. ஒரு வருசம் கத்தி படாம வளத்து, நானே வந்து எறக்குறேன்." அன்று சாயங்காலம் இடது கண் திறந்தது.

இந்த வீட்டில் யார் எந்தச் சாமிக்கு என்ன சொன்னாலும் நான் எழுதி வைப்பது உங்களுக்குத் தெரியும். செலுத்தினால் அந்த வரியை அடித்துவிடுவேன். நோட்டில் இப்படி இருக்கிறது: 'தாது வருடம் மாசி 17. நார்த்தாமலை மாரியம்மனுக்கு. செவந்தி அப்பா தலைமுடி முழுதும். அடுத்த வருஷத்துப் பங்குனித் திருவிழாவில்.' அதற்கு இன்னும் நாலே மாதம் இருக்கிறது. நாலு மாதம் ஒரு முண்டாசு கட்டிக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

கிராப்பு என்றால் எனக்கு என்ன தெரியும் என்று நினைப்பீர்கள். போன வாரம் புதுக்கோட்டைக்குப் போகும்போது பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு கிராப்புத் தலைக்காரர் உட்கார்ந்திருந்தார். அன்றைக்குத்தான் வெட்டியிருப்பார் போலிருக்கிறது. பின்கழுத்தில் துண்டு துண்டாய் மயிர், சாணியில் ஒட்டின கம்பு உமி மாதிரி. வாசனைத் தைலம் காதோரம் வழிந்து சட்டையில் வட்டம் போட்டிருந்தது. அவர் பின்னால் சாய்ந்த இடமெல்லாம் பிசுக்கு. நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே வந்தேன். அந்தத் தலை நம் வீட்டுத் தலையணையில் படுப்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

பேனுக்குச் சீத்தாக்கொட்டையை அரைத்துப் போட்டு, கண்ணில் படாமல் கட்டி வைத்து அலசுங்கள். இரண்டு வாரத்தில் போய்விடும். வேண்டாம் என்பதுதான் என் பதில்.

சொர்ணம்


கொழும்பு
மார்கழி 4 (19-12-1937)

சொர்ணத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தபோது காரியம் முடிந்துவிட்டது. முதலாளி ஒரு வார்த்தையில் கேட்டுவிட்டார், "நாளைக்கு முன்கடையில நிக்கிறியா, இல்ல வேற ஆளப் போடவா?" என்று. உன் பதில் வர நாளாகும். நான் என்ன செய்வேன்?

இத்துடன் ஒரு படம் வைத்திருக்கிறேன். சலூன் என்று நீ நினைக்கிற மாதிரி இல்லை. சுவர் முழுக்கக் கண்ணாடி. நாற்காலி சுற்றுகிறது. கழுத்தில் வெள்ளைத் துணி கட்டி, ராஜா மாதிரி உட்கார வைக்கிறான். எழுந்து வெளியே வந்தபோது தலையில் காற்றுப் பட்டது பார், சின்ன வயதில் கண்மாயில் முங்கி எழுந்த மாதிரி இருந்தது. இப்போது என்னைப் 'பூசாரி' என்று யாரும் கூப்பிடுவதில்லை.

அம்மன் காரியத்தை நான் மறப்பேனா? வெட்டிய முடியை ஒன்றுகூட விடாமல் நானே பொறுக்கித் துணியில் முடிந்து வைத்துவிட்டேன். நம் ஊர்ப் பக்கத்து இன்னாசி கிறிஸ்துமஸுக்கு வருகிறான். அவனிடம் ஒரு பிஸ்கோத்து டப்பாவில் போட்டுக் கொடுத்து அனுப்புகிறேன். பங்குனியில் நீயும் ஆத்தாவும் நார்த்தாமலைக்குப் போய் அம்மன் சந்நிதியில் செலுத்திவிடுங்கள். முடி என் முடி, எந்த ஊர்க் கத்தி பட்டால் என்ன? வரியை அடித்துவிடு.

ஆண்டியப்பன்


மாரியம்மன் துணை
திருவரங்குளம்
மார்கழி 16 (31-12-1937)

செவந்தி அப்பாவுக்கு,

இன்னாசி திங்கட்கிழமை வந்தான். பாவம், நல்ல பிள்ளை. வாசலிலேயே நின்று டப்பாவைக் கை நீட்டிக் கொடுத்தான். "அக்கா, மச்சான் பத்திரமாக் குடுக்கச் சொன்னாக. ஆனா என்னமோ நெடி அடிக்குதுக்கா. கப்பல்ல எனக்குப் பக்கத்துல படுத்தவன் எந்திரிச்சு அங்கிட்டுப் போயிட்டான்" என்றான்.

அம்மனுக்கு என்று வந்த பொருள், குளிக்காமல் தொடக் கூடாது. குளித்துவிட்டு, முறத்தில் புதுத்துணி விரித்து, அதில் டப்பாவைக் கவிழ்த்தேன்.

என்ன விழுந்தது என்று எழுதுகிறேன். நீங்களும் படியுங்கள்.

கோரைப்புல் மாதிரி நீட்டுக் கறுப்பு முடி ஒரு கை. செம்பட்டையாய், நுனி வெடித்தது கொஞ்சம். தும்பைப் பூ மாதிரி வெள்ளை முடி, ஒரு கிழவனுடையது. ஒரு விரற்கடைக்கும் குறைவாய்ச் சுருண்டு கிடந்தவை, அவை தலைமுடியே இல்லை, தாடி. ஒன்றில் சோப்பு நுரை காய்ந்து பொருக்காய் ஒட்டியிருந்தது. ஒரு எரிந்த தீக்குச்சி. பாதி பீடி. வெற்றிலை எச்சில் பட்டுக் காய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போன ஒரு கொத்து. அதற்குள் ஏதோ நெளிந்தது. அது என்ன என்று பார்க்க நான் நிற்கவில்லை.

பதினொரு வருஷம் சனிக்கிழமை தவறாமல் அந்தத் தலைக்கு எண்ணெய் தேய்த்தவள் நான். உங்கள் முடி சுருள். நனைந்தால் இன்னும் சுருளும். வலது காதுக்குப் பின்னால் பிறந்தபோதே வந்த வெள்ளை மயிர், ஒரு காசு அகலத்துக்கு இருக்கும். முறத்தில் இருந்த ஒவ்வொரு பிரியையும் விளக்குமாற்றுக் குச்சியால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். உங்களுடையது அதில் ஒன்றுகூட இல்லை.

எவன் எவனோ உட்கார்ந்து எழுந்த இடத்தில் கூட்டி அள்ளிய குப்பை. அதை அம்மன் காலடியில் வைக்கச் சொல்லி எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். தெரியாமல் வைத்திருப்பேன் என்று நினைக்கும்போதுதான் உடம்பெல்லாம் கூசுகிறது. வேலிக்கு வெளியே குழி தோண்டிப் புதைத்தேன். சாம்பல், சீயக்காய், புளி எல்லாம் போட்டுக் கை கழுவினேன். அன்று முழுக்க அந்தக் கையால் சோறு பிசைய முடியவில்லை. செவந்திக்கு அத்தைதான் ஊட்டினார். "ஒனக்கென்னடி, மசக்கையா?" என்று கேட்டார். புருஷன் எட்டு மாதமாகக் கொழும்பில் இருக்கும்போது கேட்கிற கேள்வியைப் பாருங்கள். நடந்ததைச் சொல்லி, கொல்லையில் கிடந்த டப்பாவைக் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு வாசலுக்குப் போய்க் காறித் துப்பினார்.

உங்கள் படத்தைச் சாமி மாடத்துக்குப் பக்கத்தில் வைக்க மனம் வரவில்லை. செவந்தி எடுத்துப் பார்த்து, "யாருத்தா இது?" என்றாள். ஜவுளிக் கடைக்காரர் என்று சொன்னேன்.

உங்கள் முடி எங்கே?

சொர்ணம்


கொழும்பு
தை 3 (16-1-1938)

சொர்ணத்துக்கு,

உன்னிடம் மறைக்க முடியாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அன்று வெட்டி முடித்ததும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வெளியே வந்துவிட்டேன். உன் கடிதம் வந்த பிறகுதான் ஓடினேன். அதற்குள் எட்டு நாள் ஆகிவிட்டது. சலூன்காரன் சிரித்தான். "அது அன்னைக்கே சாக்கடைக்குப் போயிருச்சு அண்ணே. முடிதான வேணும், இந்தாங்க" என்று மூலையில் இருந்த சாக்கை அவிழ்த்துக் காட்டினான். அம்மன் பார்ப்பது மனசைத்தானே, முடியையா என்று நினைத்து அள்ளிப் போட்டேன். நான் அதைக் கூர்ந்து பார்க்கவில்லை. உன்னை மாதிரி குச்சி வைத்துக் கிளற எனக்கு நேரமும் இல்லை. தப்புத்தான். அதற்கு இவ்வளவு எழுத வேண்டுமா?

நடந்ததை விடு. இனி நடக்க வேண்டியதைப் பார்ப்போம். பங்குனிக்குள் என் முடி வளராது. முன்கடைக்கு வந்த சூட்டில் லீவு கேட்டால் சீட்டைக் கிழித்துவிடுவார். வேண்டுதலும் நிற்கக் கூடாது, அது பிள்ளை சமாசாரம். யோசித்துப் பார்த்ததில் ஒரு வழிதான் தெரிகிறது. என் முடிக்குப் பதிலாக நீ உன் முடியை இறக்கிவிடு. பெண்சாதி பாதி உடம்பு என்று கோயிலில் கதை சொல்கிறவர்களே சொல்கிறார்கள். நம் பக்கத்தில் பெண்கள் மொட்டை போடுவது புதிதும் இல்லை. மருதாயி அக்கா போட்டாள், கிரீடம் விழுந்துவிட்டதா? என் முடி முழங்கை நீளம்கூட இல்லை. உன்னுடையது அதைப்போல் இரண்டு பங்கு. அம்மனுக்கு லாபம்தான்.

ஆத்தாவுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். நீ படித்துக் காட்டு.

அந்த நோட்டை இனிமேல் இவ்வளவு பெரிதாக வைத்துக்கொள்ளாதே. நீயாக எழுத்துக் கூட்டிக் கற்றுக்கொண்டது நல்லதற்குத்தான். வீட்டு ஆம்பளைக்குக் கணக்கு எழுத அல்ல.

ஆண்டியப்பன்


மாரியம்மன் துணை
திருவரங்குளம்
மாசி 2 (13-2-1938)

செவந்தி அப்பாவுக்கு,

ஒரு மாதமாக எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் அந்த டப்பாவின் நெடி வந்துவிடுகிறது.

அத்தைக்கு நீங்கள் எழுதியதை ஒரு எழுத்து விடாமல் படித்துக் காட்டினேன். சாக்கு மூட்டையைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அதையும் நான்தான் சொன்னேன். அத்தை இரண்டு நாள் யோசித்துவிட்டு உங்கள் பக்கம் போய்விட்டார். "அவன் செஞ்சது அசிங்கம்தான். அதுக்காகச் சாமி கடன நிறுத்தலாமா? என்ன பெரிய மசுரு? மண்ணாப் போற மசுரு. புள்ளையவிட ஒனக்குக் கொண்டை பெருசாப் போச்சா?" என்கிறார். தண்ணீர்த் துறையில் கண்ணாத்தாளிடம் சொன்னேன். அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "புருசன் கடலுக்கு அங்கிட்டு இருக்கையில நீ மொட்டத் தலையோட வந்தியன்னா, நான் சங்கதி தெரியாம ஒப்பாரி வச்சிருவேன்டி. முன்கூட்டியே சொல்லிப்புடு" என்றாள். துறையே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, முடி முழுவதையும் அள்ளித் துணிக்குள் இறுக்கிக் கட்டி, கண்ணாடியில் பார்த்தேன். என் ஆத்தாளைப் பாடையில் பார்த்த மாதிரி இருந்தது.

உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கு என் முடி பிடிக்கும். அவிழ்த்துவிட்டால் இடுப்புக்குக் கீழே நாலு விரல். அதில் எனக்குப் பெருமை உண்டு. சாமி கும்பிடும்போதுகூட அந்தப் பெருமை போகவில்லை. அது பாவமாக இருந்தாலும் இருக்கட்டும், பொய் எழுதமாட்டேன்.

இதற்கு நடுவில் செவந்திக்குத் தலையெல்லாம் சிரங்கு. பன்னிரண்டு இடத்தில் உடைந்து நீர் வடிகிறது. முடியோடு சேர்ந்து அடையாய்க் காய்ந்து, ஈ மொய்க்கிறது. காலையில் வெந்நீர் விட்டு ஊற வைத்து எடுத்தால் மஞ்சளாய் நூல் மாதிரி வருகிறது. மருந்து உள்ளே பட வேண்டும் என்று நானே கத்தரிக்கோலால் அவள் முடியை ஒட்ட வெட்டினேன். தலையைக் குனிந்து கொடுத்தாள். வெட்டி முடித்ததும் தடவிப் பார்த்துவிட்டு, "வளரும்ல, ஆத்தா?" என்றாள். உங்கள் வரியேதான். அவள் வாயில் அது எனக்கு அருவருப்பாக இல்லை.

"வேண்டுதல் திரும்பிப் பாக்குதுடி. போன மாசி கண்ணு, இந்த மாசி தல" என்று அத்தை தினமும் என் காதில் போடுகிறார். எனக்கும் பயம்தான். சிரங்கு எந்தப் பிள்ளைக்கும் வரும் என்று பகலில் சொல்லிக்கொள்கிறேன். அவள் சொறிந்துகொண்டு முனகும்போது அப்படிச் சொல்ல முடியவில்லை.

இறக்குவதா வேண்டாமா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. திருவிழாவுக்கு நாள் இருக்கிறது. அதற்குள் எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். வேறு எதுவும் எழுத வேண்டாம். அந்தச் சுற்றுகிற நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்தில் துணி கட்டும்போது, உங்களுக்கு அம்மன் ஞாபகம் வந்ததா, வரவில்லையா? மறந்துபோனீர்கள் என்றால் மறதிக்கு நான் ஈடு கட்டுகிறேன். மனிதர்கள் மறப்பார்கள்.

சொர்ணம்


கொழும்பு
மாசி 13 (24-2-1938)

சொர்ணத்துக்கு,

செவந்திக்குச் சிரங்கு என்று படித்ததிலிருந்து வேலை ஓடவில்லை. இங்கே ஒரு களிம்பு கிடைக்கிறது. ஆள் பார்த்து அனுப்புகிறேன்.

நீ கேட்டதற்கு, மறந்துவிட்டேன் என்று எழுதிவிடலாம். எழுதிவிட்டுக் கிழித்தேன். சாமி விஷயத்தில் இன்னொரு பொய் வேண்டாம்.

ஞாபகம் வந்தது. அவன் கத்தரிக்கோலை எடுத்தபோதே வந்தது. நீ பார்த்துக்கொள்வாய் என்று நினைத்தேன்.

ஆண்டியப்பன்


மாரியம்மன் துணை
திருவரங்குளம்
பங்குனி 28 (10-4-1938)

செவந்தி அப்பாவுக்கு,

'நீ பார்த்துக்கொள்வாய் என்று நினைத்தேன்.' டப்பாவில் வந்ததைத் தொட்ட கையைக் கழுவிவிட்டேன். இதைப் படித்த கண்ணை எதைப் போட்டுக் கழுவுவது என்று தெரியவில்லை.

ஆனாலும் நான் போனேன். பிள்ளையை வைத்து வீம்பு பிடிக்கிற தைரியம் எனக்கு இல்லை. பாதி உடம்பு என்று நீங்கள் எழுதியதும், அத்தை சொன்னதும், செவந்தி தலையில் மறுபடி உடைந்த இரண்டு சிரங்கும் சேர்ந்து என்னை வண்டியில் ஏற்றிவிட்டன. தலைக்குக் குளித்து, கடைசியாக ஒரு தடவை நீளமாகப் பின்னிப் பூ வைத்துக்கொண்டேன். வண்டியில் அத்தை என் பின்னலைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

முடி இறக்குகிற கொட்டகையில் கூட்டம் தாங்கவில்லை. எனக்குக் கிடைத்தது மலையாண்டி என்கிற நாவிதர். அறுபது வயதிருக்கும், ஒரு கண் பூ விழுந்தவர். நான் பூவை எடுத்து அத்தை கையில் கொடுத்துவிட்டு, பின்னலை அவிழ்த்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். அவர் ஒரு செம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றித் தேய்த்தார். கத்தியைத் தீட்டி, என் உச்சிக்கு நேரே பிடித்துக்கொண்டு கேட்டார்.

"மொதக் கத்தி வைக்குமுன்ன கேக்கிறது எங்க வழக்கம்த்தா. யாரு வேண்டுதல், யாரு தல?"

"வீட்டுக்காரர் வேண்டுதல். என் தல" என்றேன்.

"அவுக இல்லியா?"

"கொழும்புல இருக்காக."

"ஒடம்புக்கு ஏதும் முடியலியா?"

"நல்லாத்தான் இருக்காக."

அவர் கத்தியைக் கீழே இறக்கினார். "நல்லா இருக்க மனுசன் தல அவுக கழுத்து மேல இருக்கையில, ஒன் தல எதுக்குத்தா?"

அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ செரைக்கிற வேலையப் பாரு. ஞாயம் கேக்கவா ஒக்காந்திருக்க?"

"எனக்கென்ன ஆத்தா, செரைக்கச் சொன்னாச் செரைக்கிறேன். கேக்காம வச்சேன்னா அம்மன் என்னையக் கேக்கும். சொல்லுத்தா. வைக்கவா?"

நான் தலையைக் குனிந்தேன், வைக்கட்டும் என்றுதான். அப்போது என் காலைப் பார்த்தேன். தலையில் ஊற்றிய தண்ணீர் கல்லில் ஓடி, எனக்கு முன்னால் இறக்கினவர்கள் முடியையெல்லாம் இழுத்து வந்து என் பாதத்தில் ஒட்ட வைத்திருந்தது. நரை, கறுப்பு, பிறந்த முடி எடுத்த ஏதோ குழந்தையுடைய பஞ்சு. அதில் கூசுவதற்கு ஒன்றுமில்லை. அவரவர் தலையை அவரவரே கொண்டுவந்து கொடுத்தது அது. பார்த்ததும் எனக்கு முறத்தில் கவிழ்த்த டப்பாதான் ஞாபகம் வந்தது. டப்பாவில் இருந்தது உங்கள் முடி இல்லை, வேறு ஆள் முடி. என் தலையில் இருப்பதும் உங்களுக்கு வேறு ஆள் முடிதானே? அதைக் குப்பை என்று புதைத்துவிட்டு, இதை மட்டும் தட்டில் வைத்து, உங்கள் பெயரைச் சொல்லி அம்மனிடம் எப்படி நீட்டுவேன்? சாக்கிலிருந்து அள்ளினீர்கள், இப்போது என் தலையிலிருந்து அள்ளுகிறீர்கள். வித்தியாசம், இதில் பீடி இல்லை.

எழுந்துவிட்டேன். ஈரம் சொட்டச் சொட்ட, அவிழ்ந்த தலையோடு, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு சந்நிதிக்குப் போனேன். சாமி வந்தவள் என்று நினைத்து வழி விட்டார்கள். அம்மனிடம் இதைத்தான் சொன்னேன்: "ஆத்தா, இவர் 'நானே வந்து எறக்குறேன்'னு சொன்னதை நானும் கேட்டேன், நீயும் கேட்ட. அது இன்னும் நிக்கிது. நான் குடுக்க வரல. சொல்ல வந்தேன். எம்புள்ளையப் பாத்துக்க. அவரையும் பாத்துக்க." எனக்கு என்று ஒரு வேண்டுதலும் அங்கேயே சொன்னேன். அது நோட்டில் இருக்கிறது, உங்களுக்கு எழுதவில்லை. அதைச் செலுத்தப் போவது நான்.

அத்தை நாலு நாள் என்னோடு பேசவில்லை. சோற்றைக்கூடத் தானே போட்டுக்கொண்டார். ஐந்தாம் நாள், நான் கொல்லையில் எறிந்திருந்த டப்பாவை எடுத்துச் சாம்பல் போட்டுத் தேய்த்து, வெயிலில் காய வைத்துக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "இத அவன்கிட்டயே அனுப்பு" என்றார்.

செவந்திக்குப் பத்துச் சிரங்கு காய்ந்துவிட்டது. இரண்டு இன்னும் கசிகிறது. அது எதனால் என்று நான் யாருக்கும் சொல்லப் போவதில்லை. உங்கள் களிம்பு வரவில்லை. வேப்பங்கொழுந்தும் மஞ்சளும்தான் போடுகிறேன்.

அடுத்த பங்குனிக்குச் சரியாக ஒரு வருஷம். இன்றிலிருந்து கத்தி படாமல் வளர்த்தால் போதும். முன்கடையில் நிற்க விடமாட்டார்கள். மறுபடி மூட்டை பிரிக்க வேண்டும், பயல்கள் பூசாரி என்பார்கள், தலையணையைக் காலால் தள்ளுவார்கள். அல்லது கிராப்போடு முன்கடையிலேயே நிற்கலாம். வெட்டுவதா வளர்ப்பதா என்று போன கார்த்திகையில் என்னைக் கேட்டீர்கள். இந்தத் தடவை என்னைக் கேட்க வேண்டாம். நீங்களே யோசியுங்கள். உங்கள் வரி நோட்டில் அடிக்கப்படாமல் இருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு வந்த இன்னாசி ஈஸ்டர் முடிந்துதான் கப்பல் ஏறுகிறான். இந்தக் கடிதத்தை அவனிடமே கொடுக்கிறேன். டப்பாவும் வருகிறது, காலியாக. மோந்து பார்த்துவிட்டு, "இப்ப நெடி இல்லக்கா" என்றான். எனக்கு இன்னும் அடிக்கிறது.

அதில் எதையும் போட்டு அனுப்ப வேண்டாம். உங்கள் தலை அதற்குள் கொள்ளாது. நீங்கள்தான் கொண்டுவர வேண்டும்.

சொர்ணம்